வீட்டில் பிரசவமா? சென்னையில் முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

நான் சென்னையில் ஆறு வருடமாகப் பிரசவ முன்தயாரிப்பு வகுப்பு எடுக்கிறேன். என் இரண்டாவது பிரசவத்தை வீட்டிலேயே, பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற மிட்வைஃப் ஒருவரின் துணையோடு வைத்துக்கொள்ளலாம் என்று நாங்களும் திட்டம் போட்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தோம். அப்புறம் அதே கேள்வியோடு வந்த பல தம்பதிகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் மனசு முடிவெடுத்துவிடுகிறது. பிறகு மிட்வைஃபைத் தேடுகிறார்கள். இந்த உடம்புக்கு இது ஒத்துவருமா, ஆபத்து வந்தால் எங்கே ஓடுவது என்ற கேள்விகள் ஒன்பதாம் மாதத்தில்தான் வருகின்றன.

இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். ஏதாவது ஒரு படியில் "இல்லை" என்று பதில் வந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம். அங்கேயே நின்று மருத்துவமனைப் பிரசவத்தை நன்றாகத் திட்டமிடுங்கள்.

மிட்வைஃபே இல்லாமல், வீடியோ பார்த்துக் கணவரும் தோழியும் சேர்ந்து பார்க்கும் பிரசவத்துக்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் அப்படி முயன்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனார். அந்த வழியைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் என் பதில், வேண்டாம் என்பதுதான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் தொடங்குங்கள். அதற்கு முன்னால் முடிவெடுக்கத் தகவல் போதாது. எட்டாம் மாதத்தில் தொடங்கினால் நேரம் போதாது.

ஒரு ஃபைலில் இவை இருக்கட்டும்: எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆர்ஹெச் உட்பட ரத்த வகை, ஹீமோகுளோபின் அளவு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவு, ஒவ்வொரு முறையும் பார்த்த பி.பி., முந்தைய பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி. கூடவே பிக்மி எண், அதாவது அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்தால் கிடைக்கும் எண். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். தனியார் மருத்துவமனையிலேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இதை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள செவிலியரிடம் பதிந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, மாதாமாதம் உங்களைப் பார்க்கும் ஒரு மகப்பேறு மருத்துவர். "மிட்வைஃப் இருக்கிறாரே, டாக்டர் எதற்கு" என்று செக்கப்பை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கர்ப்பம் சிக்கல் இல்லாதது என்று உறுதியாகச் சொல்லத் தொடர்ந்து பார்த்த ஒருவர் வேண்டும்.

1. எதற்கு வீடு என்று எழுதுங்கள்

ஒரு தாளில், மருத்துவமனையில் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக எழுதுங்கள். சேர்ந்து எழுதினால் ஒருவரின் பயம் மற்றவரின் பயத்தை மூடிவிடும்.

என் வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் பதில்கள் இவை. சிசேரியன் பயம். மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கணவரை வெளியே நிறுத்துவார்கள். கேட்காமலே கீழே வெட்டித் தையல் போடுவார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். லேபர் வார்டில் திட்டுவார்கள்.

இந்தப் பயங்கள் காரணமில்லாமல் வந்தவை இல்லை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். என் முதல் பிரசவத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வலி வரவழைக்கும் ஊசியை டிரிப்பில் ஏற்றினார்கள். அந்தக் கோபத்தில்தான் நானும் இந்தத் தேடலைத் தொடங்கினேன்.

ஆனால் அந்தத் தாளை மறுபடி படியுங்கள். அதில் முக்கால்வாசி, வேறு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தாலே கிடைத்துவிடும். சென்னையில் மிட்வைஃப் பார்க்கும் பிரசவ மையங்கள் இருக்கின்றன. பிரசவ அறையில் நடமாட விடுகிற, கணவரை உள்ளே விடுகிற, தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் காத்திருக்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில்கூடப் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் கூட இருக்கலாம். இரண்டு மூன்று இடங்களுக்கு நேரில் போய், அந்தத் தாளை மேஜையில் வைத்துக் கேளுங்கள். "நார்மலுக்கு முயற்சி பண்ணுவோம்" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். போன மாதம் இங்கே எத்தனை பிரசவம், அதில் எத்தனை சிசேரியன் என்று கேளுங்கள்.

என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த முதல் படியிலேயே தங்களுக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வீடு மட்டுமே தரக்கூடிய ஏதோ ஒன்று தாளில் மிச்சமிருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

2. உடம்பு என்ன சொல்கிறது

இந்தப் படியில் ஆசைக்கு இடமில்லை. ஃபைலை இப்போது மருத்துவரிடமும், நான்காவது படியில் மிட்வைஃபைப் பார்க்கும்போது அவரிடமும் தனித்தனியாகக் காட்டிக் கேளுங்கள். இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான்.

முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் வீடு கிடையாது. கர்ப்பப்பையில் பழைய தழும்பு விட்டுப்போனால் நிமிடக் கணக்கில் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாத குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்திருப்பது, போன பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சு உள்ளேயே தங்கியது, இதய நோய், வலிப்பு, பி.பி. 140/90-ஐத் தொட்டது, கர்ப்பகாலச் சர்க்கரை, 37 வாரம் முடியுமுன் வரும் வலி, தேதி நன்றாகத் தாண்டிப் போனது, இவை எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

ஹீமோகுளோபினைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் ரத்தசோகை அவ்வளவு சகஜம். ஆனால் 12 உள்ளவர் தாங்கிவிடுகிற ரத்த இழப்பு, 8 உள்ளவரைச் சாய்த்துவிடும். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். மாத்திரையோ ஊசியோ போட்டு ஏற்றுங்கள். ஏறாவிட்டால் வீடு என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

முதல் குழந்தை என்றால்? இங்கிலாந்தில் சிக்கலில்லாத 64,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. இரண்டாவது பிரசவம் முதற்கொண்டு, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையின் பாதுகாப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. முதல் பிரசவத்தில் மட்டும் குழந்தைக்கு மோசமான விளைவு, மருத்துவமனையில் 1000-க்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் 45 சதவீதம் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டன. முன்பே பெற்றவர்களில் அது 12 சதவீதம்.

அதுவும் அரசு மிட்வைஃப், ஆம்புலன்ஸ், மருத்துவமனை மூன்றும் ஒரே அமைப்பாக இயங்கும் நாட்டுக் கணக்கு. இங்கே 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மிட்வைஃப் சேவை வழிகாட்டுதல்களும் மருத்துவமனைக்குள் இயங்கும் பிரிவுகளைத்தான் சொல்கின்றன. வீட்டுக்கு வரும் மிட்வைஃபின் பின்னால் நிற்க இங்கே அமைப்பு எதுவும் கிடையாது. அதனால் முதல் பிரசவத்துக்கு வீடு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிட்வைஃப் இருக்கும் பிரசவ மையத்தையோ, அவரை உள்ளே விடும் மருத்துவமனையையோ பாருங்கள்.

3. எந்த வீடு?

வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அண்ணா நகரில் எல்லா ஏற்பாடும் செய்திருந்த ஒரு தம்பதி இதை மறந்தே போனார்கள். ஏழாம் மாதம் அவள் கும்பகோணத்தில் இருந்தாள், மிட்வைஃப் சென்னையில். எந்த வீடு என்பதைப் பெற்றோரிடம் பேசி முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அடுத்து, அந்த வீட்டிலிருந்து மருத்துவமனை எத்தனை நிமிடம்? மேப் சொல்வதை நம்பாதீர்கள். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை, இரவு பதினோரு மணிக்கு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எங்கள் நங்கநல்லூர் வீட்டிலிருந்து இரவில் 14 நிமிடம் ஆனது, செவ்வாய்க்கிழமை காலையில் 38. மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் நேற்று இருந்த வழி இன்று இருக்காது. அதையும் கணக்கில் எடுங்கள். படுக்கையிலிருந்து மருத்துவமனைக் கட்டில் வரை, மிக மோசமான நேரத்திலும் 30 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று இப்போது நான் எல்லை வைத்திருக்கிறேன். அதன்படி பார்த்தால் எங்கள் வீடே தேறாது.

படுக்கையிலிருந்து என்று சொன்னேன், காரிலிருந்து என்று சொல்லவில்லை. அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் லிஃப்டை டேப் வைத்து அளந்து பாருங்கள். எங்களுடையது நான்கு பேர் லிஃப்ட், ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது. ஒத்திகை பார்க்க, மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் கொழுந்தனாரை உட்கார வைத்து, கணவரும் வாட்ச்மேனும் இன்னும் இருவரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பக்கத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்டில் நாற்காலியின் கால் மாட்டிக்கொண்டது. கீழே வர ஏழு நிமிடம். அதை அன்றைக்குத் தெரிந்துகொண்டது நல்லதாகப் போயிற்று.

தேதி அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பருக்குள் விழுகிறதா? 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பழைய குடித்தனக்காரர்களைக் கேளுங்கள். படகு வந்த தெரு என்றால் அந்த மாதங்களில் வீட்டுப் பிரசவம் பற்றி யோசிக்கவே வேண்டாம். சுரங்கப்பாதை வழியாக மட்டுமே போக முடிகிற பக்கம் இருந்தாலும் அப்படித்தான்.

4. மிட்வைஃபைப் பார்த்துப் பேசுதல்

மிட்வைஃப் வேறு, டூலா வேறு. டூலா முதுகைத் தடவிக் கொடுப்பார், தைரியம் சொல்வார். பிரசவம் பார்க்கும் பயிற்சி அவருக்குக் கிடையாது. இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். இங்கே படித்தவர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி என்றால் எங்கே, எந்தப் பதிவின்கீழ் என்று சான்றிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் இருவரைப் பார்த்தேன். "எத்தனை பேரை மருத்துவமனைக்கு மாற்றினீர்கள்?" என்று கேட்டதற்கு முதலாமவர், "என் கையில் அப்படி எதுவும் நடந்ததே இல்லை" என்றார். எழுந்து வந்துவிட்டேன். இவ்வளவு பிரசவத்தில் ஒருவரைக்கூட மாற்றவில்லை என்றால், மாற்ற வேண்டியபோதும் மாற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டாமவர் ஒரு நோட்டை எடுத்தார். தேதி, காரணம், மருத்துவமனை போய்ச் சேர ஆன நிமிடம் எல்லாம் எழுதி வைத்திருந்தார்.

அவரிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். தரையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: குழந்தையின் துடிப்பைக் கேட்கும் டாப்ளர், பி.பி. மிஷின், மூச்சு விடாத குழந்தைக்குக் காற்று ஊட்டும் பை, அதற்குச் சின்ன மாஸ்க் இரண்டு அளவில், ஆக்ஸிஜன், டிரிப் சாமான்கள், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மிசோபுரோஸ்டால் மாத்திரை. ஆக்ஸிடோசின் ஊசி மருந்து ஐஸ் பேக் வைத்த சின்ன டப்பாவில் தனியாக இருந்தது. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சென்னை வெயிலில் சும்மா பையில் கிடந்தால் நம்ப முடியாது. காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அந்த ஊசி குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கைத் தடுக்க. வலி சீக்கிரம் வரட்டும் என்று பிறப்பதற்கு முன் வீட்டில் போடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கர்ப்பப்பை கிழியலாம், குழந்தைக்கு மூச்சு முட்டலாம்.

இன்னும் மூன்று கேள்விகள். பிரசவத்துக்குப் பயிற்சி பெற்ற இருவர் வருவீர்களா? தாய்க்கு ரத்தப்போக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறலும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவரால் முடியாது. அதே வாரத்தில் வேறு எத்தனை பேருக்குத் தேதி கொடுத்திருக்கிறீர்கள்? மருத்துவமனைக்கு மாறினால் கூட வருவீர்களா, வாசலோடு நின்றுவிடுவீர்களா?

5. மருத்துவமனையில் பதிவு

எல்லோரும் கடைசிக்குத் தள்ளிப்போடுவது இதைத்தான். "அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரியும் எடுத்துக்கொள்ளும்" என்கிறார்கள். எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஃபைல் இல்லாமல், ரத்த வகை தெரியாமல், நடுராத்திரியில் வந்து நிற்கும் பெண்ணுக்கு முதல் இருபது நிமிடம் கேள்வியிலேயே போய்விடும்.

ஏழாம் மாதத்துக்குள் ஒரு மருத்துவமனையில் பெயரைப் பதிந்து, அங்கேயே செக்கப்புக்கும் போய்வாருங்கள். 24 மணி நேரமும் தியேட்டர், மயக்க மருந்து மருத்துவர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைகளுக்கான ஐ.சி.யூ. நான்கும் இருக்க வேண்டும். "டாக்டரைக் கூப்பிட்டால் வருவார்" என்பது இருப்பதாகக் கணக்காகாது. ஆர்ஹெச் நெகட்டிவ் உள்ளவர்கள் அந்த வகை ரத்தம் கிடைக்குமா என்றும், பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி போட முடியுமா என்றும் கேட்டு வையுங்கள்.

வீட்டுத் திட்டத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தவர்கள்தான் ஆபத்து வந்தபோது கிளம்பத் தயங்கினார்கள். நான் மூன்று மருத்துவரிடம் சொன்னேன். இருவர் முடியாது என்றார்கள். மூன்றாமவர், "எனக்கு இதில் சம்மதம் இல்லை, ஆனால் எப்போது வந்தாலும் பார்ப்பேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதும்.

இரண்டாவதாக ஓர் அரசு மருத்துவமனையையும் குறித்து வையுங்கள். 108-ஐ அழைத்தால் பெரும்பாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோவார்கள். எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., இவற்றில் எது உங்களுக்குப் பக்கம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, வீடு என்றால் செலவு குறையும் என்று நினைக்க வேண்டாம். மிட்வைஃப் கட்டணமும் தயாராக இருக்க வேண்டும், சிசேரியனுக்கு ஆகும் தொகையும் தயாராக இருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள், அரசு மருத்துவமனையில் பிரசவம் ஆகாவிட்டால் எந்தத் தவணை நிற்கும் என்று செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. எப்போது கிளம்புவது: எழுதி ஒட்டுங்கள்

வலி வந்த பிறகு யாருக்கும் யோசனை ஓடாது. அதனால் மிட்வைஃபோடு உட்கார்ந்து, எது நடந்தால் கிளம்ப வேண்டும் என்று முன்பே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

எங்கள் தாளில் இருந்தவை: குழந்தையின் துடிப்பு 110-க்குக் கீழேயோ 160-க்கு மேலேயோ போய் நிற்பது. பனிநீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரமாகியும் வலி பிடிக்காதது. பிறப்பதற்கு முன் ரத்தமாகப் போவது. பி.பி. 140/90. காய்ச்சல் 38 டிகிரி. முக்கத் தொடங்கி ஒரு மணி நேரமாகியும் தலை இறங்காதது. பிறந்து அரை மணியில் நஞ்சு விழாதது. ரத்தப்போக்கு அரை லிட்டரைத் தொடுவது. குழந்தை அழாமல் துவண்டு கிடப்பது, முனகி முனகி மூச்சு விடுவது. கடைசியாக, நான் போகலாம் என்று சொன்னால் போக வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

அரை லிட்டர் எவ்வளவு என்று பார்த்தால் தெரியும் என்பார்கள். தெரியாது. வகுப்பில் ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு பீட்ரூட் தண்ணீரைப் பழைய புடவையில் ஊற்றிக் காட்டுவேன். மடிப்புக்குள் ஊறிப் போய், ஒரு டம்ளர் சிந்தியதைப் போலத்தான் தெரியும். அதனால்தான் "கொஞ்சம்தான் போகுது" என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். விரிப்பை எடைபோட்டுக் கணக்கிடும் மிட்வைஃப் உங்களுக்கு வேண்டும்.

கிளம்புவதை மிட்வைஃப் சொன்னால் அது முடிவு. மாமியார், அம்மா, கணவர் யாருக்கும் அதில் ஓட்டு இல்லை. இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

7. வீட்டுப் பெரியவர்களிடம் பேசுதல்

இரண்டு விதமாக வருவார்கள். பயப்படுகிறவர்களிடம் மேலே சொன்ன தாளையும் மருத்துவமனைப் பதிவையும் காட்டுங்கள். பாதி பயம் போய்விடும். இன்னொரு வகை, "எங்க அம்மா எட்டும் வீட்டிலேதான் பெத்தா" என்று உற்சாகப்படுத்துவார்கள். என் பெரிய அத்தை அப்படித்தான் சொன்னார். எட்டில் எத்தனை தங்கியது அத்தை என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அஞ்சு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

வலி வந்த நாளில் வீட்டில் யார் இருக்கலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஹாலில் பத்துப் பேர் உட்கார்ந்து காத்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் மனசு இளகாது.

8. 36-வது வாரம்: கடைசி முடிவு

36-வது வாரத்தில் ஃபைலை முதலிலிருந்து மறுபடி பாருங்கள். தலை இறங்கியிருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே, ஹீமோகுளோபின் எவ்வளவு, பி.பி. எப்படி. இன்றைய நிலையை மட்டும் பாருங்கள். இத்தனை மாதம் உழைத்தோமே என்ற நினைப்பு இந்த இடத்தில் ஏமாற்றிவிடும்.

பிரசவத்துக்கான பை இப்போதே வாசல் பக்கம் இருக்கட்டும். வீட்டில்தான் என்றாலும் மருத்துவமனைப் பை கட்டாயம். ஃபைல், ஆதார், பிக்மி எண், பணம், குழந்தைக்குப் பழைய பருத்தித் துணி.

எனக்கு 38-வது வாரம் ஒரு மாலையில் பி.பி. 144/92 காட்டியது. இடதுபக்கம் சாய்ந்து அரை மணி நேரம் படுத்து மறுபடி பார்த்தோம். 146/94. மிட்வைஃப் ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளைக் காட்டவே இல்லை, என்னைப் பார்த்தார். நான் அழுதேன். கணவர் பையை எடுத்தார். மறுநாள் மருத்துவமனையில் வலி வரவழைத்தார்கள். மிட்வைஃப் பக்கத்திலேயே இருந்தார். முதல் படியில் என் தாளில் எழுதியிருந்த ஒன்பது விஷயத்தில் ஏழு அங்கேயே கிடைத்தது. நார்மல் டெலிவரி, பெண் குழந்தை.

9. வீட்டில் பிறந்தால்: பிறகு செய்ய வேண்டியவை

முதல் இரண்டு மணி நேரம் மிட்வைஃப் நகரக் கூடாது. கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தையை அம்மாவின் மார்போடு சேர்த்துப் போர்த்துங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், சேனை எதுவும் வேண்டாம். குளிப்பாட்டுவது மறுநாள் இருக்கட்டும்.

வைட்டமின் கே ஊசியைப் பிறந்தவுடன் போட வேண்டும், குழந்தைக்கு உள்ளே ரத்தக் கசிவு வராமல் இருக்க. மிட்வைஃப் கொண்டுவருவாரா என்று முன்பே கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி முதல் தடுப்பூசி 24 மணி நேரத்துக்குள். பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்தையும் அதோடு போட்டுவிடலாம். அன்றோ மறுநாளோ குழந்தைகள் நல மருத்துவர் ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் தைராய்டு ரத்தப் பரிசோதனை, மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று ஒரு பார்வை.

பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். வீட்டில் பிறந்தால் அது குடும்பத் தலைவரின் பொறுப்பு. மாநகராட்சியின் உங்கள் பகுதி சுகாதார அலுவலகத்துக்கு பிக்மி எண், பெற்றோர் ஆதார், முகவரிச் சான்று, மிட்வைஃப் கையெழுத்திட்ட பிரசவக் குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். 30 நாள் தாண்டினால் அனுமதி வாங்க வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வரை போகும். பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம்.